கொழுந்துக்காரி விளையாட்டு

முத்துலிங்கத்தின் ரெக்கோடிங் கடைக்குக் கல்யாணப் பாட்டு பதிய வந்திருந்த இளைஞன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். மார்கிரட் எட்டி ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தாள். அதுவரை கடைக்குள் அலறிக்கொண்டிருந்தது பாட்டுமில்லை, பேச்சுமில்லை. தகரத்தின் மேல் ஆணியை வைத்து விடாமல் இழுத்தது போன்ற ஒரு கீச்சல்.

“டெக்கு கெட்டுப்போச்சாக்கா?”

“கெடலப்பா. இது ஒரு வெளையாட்டு. கெசட்டுல பதிஞ்சிருக்கு.”

“கெசட்டுல வெளையாட்டா?” என்று சிரித்துவிட்டு அவன் தனக்கு வேண்டிய பாட்டுகளைச் சொல்லத் தொடங்கினான். அவளும் விளக்கவில்லை. ஹட்டன் டவுனில் அந்த எண்பத்தாறாம் ஆண்டில் எத்தனையோ பேரிடம் விளக்கிப் பார்த்து அலுத்துவிட்டாள். இந்தக் கீச்சலை ஒரு சின்னக் கம்பியூட்டருக்குள் செலுத்தினால் அது டீவியில் மலையாகவும் மழையாகவும் கூடை சுமந்த பெண்ணாகவும் மாறும் என்று சொன்னால், ஒன்று சிரித்தார்கள், அல்லது பாவம் என்பது போல் பார்த்தார்கள். முதலாளி முத்துலிங்கம் மட்டும் கண்ணால் கண்டவர் என்பதால் சிரிப்பதில்லை. “யாவார நேரத்துல இந்தப் பேய்ச்சத்தம் வேணாம்மா. சாப்பாட்டு நேரத்துல பதிஞ்சிக்க” என்பார். அவ்வளவுதான்.

விளையாட்டைச் செய்தவன் அவளுடைய தம்பி றோலண்ட். பஹ்ரெயினில் ஒரு டீவி திருத்தும் கடையில் கையாளாக இருந்துவிட்டு வந்தவன். அங்கிருந்து வந்தவர்களெல்லாம் சங்கிலியும் றேடியோவும் கொண்டுவர, இவன் ரப்பர் பொத்தான்கள் வைத்த ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தான். பெட்டி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு பாட்டுப் புத்தகம் அளவுதான். தோட்டத்து லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் பார்சலைப் பிரித்த அம்மா சுகிர்தம் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள ஒண்ணுமே இல்லியேடா” என்றாள். முத்துலிங்கத்தின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் டீவி திருத்தும் வேலையைத் தொடங்கிய றோலண்ட், வேலை இல்லாத பொழுதெல்லாம் அந்தப் பெட்டியின் முன்னால் கிடந்தான். முதலில் ராக்கெட் விட்டான். ஆகாயத்தில் எதை எதையோ சுட்டான். ஒருநாள் தேத்தண்ணீர் கொண்டுபோன மார்கிரட் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

“ராக்கெட்டையெல்லாம் வெள்ளைக்காரன் செஞ்சி முடிச்சிட்டான்டா. நீ நம்மளுது எதையாச்சும் செய்யேன்.”

“நம்மளுதுன்னா? காலையில பேரு போடுற பெரட்டுக்களத்தையா?”

“ஏன், செய்யக் கூடாதா?”

அவன் கேலியாகத்தான் கேட்டான். ஆனால் அதற்கடுத்த மழைக்காலம் முடிவதற்குள் டீவித் திரையில் மலை வந்துவிட்டது. பச்சைக் கட்டங்களாகத் தேயிலை நிரைகள். அதில் முதுகில் கூடையோடு ஒரு பெண். நிரையில் துளிர்க்கும் கொழுந்தை அவள் எட்டி எட்டி எடுக்க வேண்டும். காலில் அட்டை ஏறினால் நடை குறையும். மேலேயிருந்து பனி இறங்கி நிரையை மறைக்கும். சங்கு ஊதுவதற்குள் கூடையை நிறைத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய் நிறுத்தாக வேண்டும். நிறுத்துவிட்டால் அடுத்த மலை, இன்னும் செங்குத்தாக. அம்மாவை உட்கார வைத்துக் காட்டியபோது அவள் மூக்குக் கண்ணாடி இல்லாமல் திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள். “கொழுந்து கொறைஞ்சா அரைப் பேருதானே போடுவானுங்க, அரை நாள் சம்பளந்தானே, அது எங்க?” என்று கேட்டாள். றோலண்ட் அதையும் சேர்த்தான். கூடை நிறையாமல் மடுவத்துக்குப் போனால் அடுத்த மலையில் பாதி நேரம்தான் கிடைக்கும். தலைப்புக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் அந்தப் பெட்டிக்குத் தெரியும். மார்கிரட் கணக்குக் கொப்பியின் கட்டங்களைக் கறுப்பாக்கி ‘கொழுந்து’ என்று வரைந்து கொடுத்தாள். அவன் அந்தக் கட்டங்களைப் புள்ளி புள்ளியாகத் திரையில் ஏற்றினான். கொம்பும் சுழியும் சரியாக வருவதற்குள் இருவருக்கும் பெரிய சண்டையே நடந்தது. தமிழ் எழுத்து திரையில் முதல்முதலாக விரிந்தபோது மார்கிரட் அதை நிறுத்தவிடாமல் இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட தன் கையெழுத்து டீவியில் வருகிறது என்பதற்காக மட்டுமில்லை. ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அன்று முதல் விளையாட்டு அவளுக்கும் சொந்தமாகிவிட்டது. செய்வதோடு றோலண்ட் திருப்தியாகிவிடுவான். யாரும் பார்க்காவிட்டாலும் கவலையில்லை. அவளுக்கு அப்படியில்லை. லயத்தில் கரண்ட் இல்லாததால் கார் பற்றரியைத் தலையில் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்குக்குப் போய் வாசலில் வைத்துக் காட்டினார்கள். கோயில் திருநாளில் பள்ளிக்கூட மண்டபத்தில் காட்டினார்கள். ஃபாதர்கூட ஒரு மலை விளையாடி அட்டையில் மாட்டிக்கொண்டார். அது போதவில்லை அவளுக்கு. கம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் கொழும்பிலும் கண்டியிலும் இருப்பார்கள் என்று றோலண்ட் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இங்கிலீஷ் பத்திரிகையில் சின்னதாக ஒரு விளம்பரம் போடவைத்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டு எழுதினார்கள். டபுள் டெக்கில் ஒவ்வொன்றாகப் பதிந்து, இங்கிலீஷிலும் தமிழிலும் பெயர் எழுதி, தபாலில் அனுப்பினாள். சத்தம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ கம்பியூட்டர் அதை ஏற்காது. எது சரியான கீச்சல், எது கெட்ட கீச்சல் என்று காதால் கேட்டே சொல்லும் அளவுக்கு அவள் பழகிவிட்டாள். காலி நகரத்தில் ஒரு டாக்டருடைய மகள், மூன்றாவது மலையைத் தாண்டிவிட்டதாகவும், அந்தப் பொம்பிளை மழையில் நனைவதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது, குடை வைக்க முடியாதா என்றும் எழுதியிருந்தாள். றோலண்ட் அதை வாசிக்கக் கேட்டு மார்கிரட் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கொழும்பிலிருந்து கடைக்கு டெலிபோன் வந்தது அதற்குப் பிறகுதான். கம்பியூட்டர் இறக்குமதி செய்து விற்கும் ஒரு கடைக்காரர். ஒரு பெட்டி கெசட் வேண்டும், செய்த பையனையும் நேரில் பார்க்க வேண்டும், அந்தத் தலைப்பை மட்டும் இங்கிலீஷில் மாற்றிக் கொண்டுவரட்டும் என்றார். இப்போது காலம் சரியில்லை, உங்களுக்கே தெரியுமே என்று தணிந்த குரலில் சேர்த்தார்.

றோலண்ட் உடனே தலையாட்டினான். “மாத்திர்றேன்கா. அஞ்சு நிமிச வேல.”

“மத்த எதை வேணும்னாலும் மாத்து. எழுத்துல கை வைக்காத.”

“அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. கொழும்புல குண்டு வெடிச்சதுலேர்ந்து நம்ம ஆளுங்கள எப்பிடிப் பாக்குறானுங்கன்னு ஒனக்குத் தெரியாது. நானே போறதா வேணாமான்னு யோசிக்கிறேன். தபால்ல அனுப்பிருவமே?”

“ஆளத்தானே பாக்கணும்ங்கிறாரு. இப்பிடிப் பயந்துக்கிட்டே இருந்தா லயத்துலயே கெடந்து சாக வேண்டியதுதான். நீ போ. மொகத்தப் பாத்தாத்தான் நம்ம பேரு நெலைக்கும்.”

அவன் அக்கா சொன்னதைத் தட்டுகிறவனில்லை. மண்சரிவால் ரயில் ஓடாத வாரம் அது. காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். கெசட் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொள் என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். கொழும்புக் கடையில் கம்பியூட்டர் இருக்கும் என்பதால் தன் கறுப்புப் பெட்டியை முத்துலிங்கத்தின் கடையிலேயே விட்டுப் போனான்.

மறுநாள் அதே பஸ்ஸின் கண்டக்டர் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பொல்பிட்டியவைத் தாண்டி பொலிஸ்காரர்கள் பஸ்ஸை மறித்தார்களாம். தமிழ்ப் பையன்களை மட்டும் இறக்கினார்களாம். கரண்ட் நிலையம் இருக்கிற பக்கம், கெடுபிடி அதிகம். றோலண்டின் மடியிலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு கெசட்டை எடுத்து றேடியோவில் போட்டுப் பார்த்தார்களாம்.

“ஒரு சத்தம் வந்துச்சி பாருங்க தங்கச்சி. நாங்க எல்லாரும் நடுங்கிப்போனோம். இன்னொண்ணப் போட்டாங்க, அதுலயும் அதே சத்தம். எல்லாத்துலயும் தமிழ்ல வேற எழுதியிருக்கு. தம்பி என்னென்னமோ சொல்லிப் பாத்தாரு. ரகசியச் செய்தி அனுப்புறான்னு சொல்லி அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. பஸ்ஸ எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டோம்.”

மார்கிரட் டெக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். தமிழ்ல வேற எழுதியிருக்கு என்ற சொல் மட்டும் அவளுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. அந்தக் கெசட்டுகள் எல்லாவற்றிலும் பேனாவை அழுத்தி எழுதியவள் அவள்தான்.

முத்துலிங்கம் வர மறுத்தார். “நான் கடை வச்சிருக்கேன்மா. எண்பத்திமூணுல ஒருக்கா எரிச்சிட்டானுங்க” என்றார். ஆனால் டீவியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். அவளும் அம்மாவும் கம்பியூட்டரையும் டீவியையும் ஒரு டேப்பையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். காட்டினால் புரிந்துவிடும் என்று மார்கிரட் நம்பினாள். கண்ணால் பார்த்த பிறகு யார்தான் மறுக்க முடியும்?

அந்தப் பக்கத்துப் பொலிஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் படித்த மனிதராகத்தான் இருந்தார். அவளை ‘நங்கி’ என்று, தங்கையை அழைப்பது போல அழைத்தார். அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில், ஐயா என்பதற்கு ‘மாத்தயா’ போட்டு, அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மேசையைக் காலி பண்ணச் சொன்னார். அவள் வயர்களை மாட்டி டேப்பை ஓடவிட்டபோது அந்தக் கீச்சல் ஸ்டேஷன் முழுக்கப் பரவியது. கான்ஸ்டபிள்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் துப்பாக்கியோடு வந்தான். சத்தம் நின்றது. தலைப்பு விரிந்தது. பிறகு மலை வந்தது, கூடைக்காரி வந்தாள்.

“இது என்ன எழுத்து?”

“கொழுந்துன்னு இருக்குங்க மாத்தயா. தேயிலைக் கொழுந்து.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கேட்டார். அட்டை ஏறி முதல் தரம் தோற்றார். இரண்டாம் தரம் பனியில் மாட்டினார். மூன்றாவது முறை கூடை நிறைந்து மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். துப்பாக்கிக்காரன் அதைச் சுவரில் சாத்திவிட்டுத் தன் முறை எப்போது என்று கேட்டான். சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. பின்னால் கம்பிக்குள்ளே றோலண்ட் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்திருந்தது. வலது கையை மடியில் ஒரு பொருளைப் போல வைத்திருந்தான். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த சுகிர்தம் மகனைப் பார்ப்பதும், யார் யாரோ விரலால் தள்ளித் தள்ளி மலையேற்றும் பெண்ணைப் பார்ப்பதுமாக இருந்தாள். கையில் செபமாலை ஓடாமல் நின்றிருந்தது.

“நல்ல விளையாட்டு,” என்றார் இன்ஸ்பெக்டர் எழுந்துகொண்டே. “விளையாட்டு என்று எனக்குத் தெரிகிறது நங்கி. ஆனால் நான் மேலே அறிக்கை அனுப்பிவிட்டேன். அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியாது. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பார்க்க வேண்டும். அதுவரை இந்த மெஷினும் இங்கே இருக்கட்டும்.”

“தம்பி, மாத்தயா?”

“அவனும்தான்.”

கொழும்பிலிருந்து யாரும் வரவில்லை. மூன்று நாள் கழித்து முத்துலிங்கத்தின் கடைக்கு ஸ்டேஷனிலிருந்துதான் டெலிபோன் வந்தது. கரண்ட் போய் வந்ததில் விளையாட்டு அழிந்துவிட்டது, யார் போட்டாலும் ஏறவில்லை, நங்கியை வரச்சொல்லுங்கள் என்றார்கள். றோலண்டை அந்த மெஷின் பக்கம் விட அவர்களுக்குப் பயம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போவதை விட்டுவிட்டு மார்கிரட் ஸ்டேஷனுக்குப் போனாள். விளையாட்டை ஏற்றிக் கொடுத்தால் தம்பியைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம், சோற்றுப் பொட்டலத்தைக் கொடுக்கலாம். அவர்களுக்குள் போட்டி வளர்ந்தது. குவாட்டர்ஸிலிருந்து மனைவிமாரும் பிள்ளைகளும் வந்தார்கள். கொழுந்துக்காரிக்கு அவர்கள் ஒரு சிங்களப் பெயர்கூட வைத்தார்கள். கம்பிக்குள் றோலண்ட் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பான். “இப்ப அட்டையில மாட்டிட்டான்” என்பான். “அஞ்சாவது மலைக்குப் போயிட்டானுங்கக்கா. ஹட்டன்ல ஒருத்தரும் அஞ்சாவதுக்குப் போனதில்ல.” அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தில் லேசான பெருமை இருந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

மார்ச் மாதத்தில் இன்ஸ்பெக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு அவருடைய மைத்துனர் கார்னிவலில் கடை போடுகிறாராம். ஊரெல்லாம் வந்து குவியும். இந்த விளையாட்டை அங்கே வைத்தால் எவ்வளவு பேர் பார்ப்பார்கள்? தலைப்பு மட்டும் சிங்களத்தில் இருக்க வேண்டும். நங்கியும் வந்து இருந்து மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டும். “உன் தம்பியின் விஷயத்தை நான் பேசுகிறேன்” என்றார். பேசமாட்டார் என்று சொல்லிவிடக்கூடிய முகமாகவும் அது இல்லை.

றோலண்டை வெளியே கொண்டுவந்து மெஷினின் முன்னால் உட்கார வைத்தார்கள். பின்னால் ஒரு கான்ஸ்டபிள் நின்றான். றோலண்ட் அக்காவை ஏறிட்டுப் பார்த்தான்.

“நீதானே எழுத்துல கை வைக்காதன்னு சொன்ன?”

“இப்பவும் நான்தான் சொல்றேன். அழிச்சிருடா.”

“அழிச்சா விட்டுருவானுங்களா?”

“எனக்குத் தெரியாது. அழிச்சிரு.”

வலது கை விரல்கள் இரண்டு மடங்கவில்லை. இடது கையால் ஒவ்வொரு பொத்தானாகத் தேடி அழுத்தினான். ஒரு கான்ஸ்டபிள் கட்டத் தாளில் வரைந்து கொடுத்த வட்ட வட்டமான எழுத்துகளை ஏற்றி முடிக்கப் பகல் முழுதும் ஆனது. முதலில் கொம்பு போனது, பிறகு சுழி. மார்கிரட் பார்வையைத் திருப்பவில்லை. அதையாவது பார்த்தாக வேண்டும் என்று நின்றாள். முடிந்ததும் அவனைத் திரும்பக் கம்பிக்குள் விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது கம்பிக்குள் ஆளில்லை, தரை கழுவி விடப்பட்டிருந்தது. தெற்கே ஒரு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கான்ஸ்டபிள் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். இன்ஸ்பெக்டர் லீவில் இருந்தார். ஆனால் கார்னிவலுக்கு எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

போகாமல் இருந்திருக்கலாம். அம்மா அதைத்தான் சொன்னாள். “அந்த நாசமாப்போற பெட்டிய ஆத்துல போட்டுட்டு வா” என்றாள். ஆனால் இன்ஸ்பெக்டருடைய வாய் ஒன்றுதான் மேலே பேசக்கூடிய வாய். அதை முறித்துக்கொள்ள மார்கிரட்டுக்குத் துணிவில்லை. ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போனாள். பூக்கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் பார்க்க வந்த கொழும்புக்காரர்கள் புதுக் கம்பளிச் சட்டைகளோடு கார்னிவலில் நெரிந்தார்கள். கலர் டீவி வைத்திருந்தார்கள். பச்சை அத்தனை பச்சையாக இருக்கும் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. டிக்கட் வாங்கியவர்களின் வரிசை பலூன் சுடும் கடையைத் தாண்டி வளைந்து போனது. சிங்களம், இங்கிலீஷ், தமிழ் எல்லாம் அந்த வரிசையில் கேட்டது. இவ்வளவு பேருக்குத்தான் அவள் ஆசைப்பட்டாள். டீவிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கரண்ட் போகும்போதெல்லாம் டேப்பை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். செய்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிலர் ஜப்பான் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

சீசன் முடியும் தறுவாயில் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லொறியில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. பெட்டியில் வைத்திருந்த சேலைகளை உடுத்தி, தலையில் பூ வைத்த பெண்கள். அதில் ஒருத்திக்கு மார்கிரட் வயதுதான் இருக்கும். வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில் புகுந்து டீவியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூட வந்தவளின் தோளில் அடித்தாள்.

“அடியே பேச்சியம்மா, இங்க பாரு. நம்ம மலைடி. மடுவங்கூட இருக்கு.”

பேச்சியம்மா குனிந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாமவள் பின்பக்கம் எட்டி மார்கிரட்டைக் கண்டுபிடித்தாள். “தமிழா நீங்க? யாருங்கக்கா இதச் செஞ்சது?”

இன்ஸ்பெக்டரின் மைத்துனர் அங்கே டிக்கட் கிழித்துக்கொண்டிருந்தார். எதுவும் பேசக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

“என் தம்பி,” என்றாள் மார்கிரட்.

“ஆத்தாடி! எங்க இருக்காரு? இங்கதான் நிக்கிறாரா?”

மார்கிரட் டேப்பின் வயரைச் சரிபார்ப்பது போலக் குனிந்தாள். அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருந்தாள். அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேயிலைக் கறையில் கறுத்து வெடித்திருந்தன.

“வெளையாடிப் பாருங்களேன்,” என்றாள் மார்கிரட் கடைசியில். “டிக்கட் வேணாம். நான் சொல்லிக்கிறேன்.”

“நானா?” அவள் உரக்கச் சிரித்தாள். குற்றம் சொல்லும் சிரிப்பில்லை அது. “வருசம் பூரா இதத்தானேக்கா செய்றேன். இன்னக்கி ஒரு நாளுதான் லீவு. அதுலயுமா கொழுந்தெடுப்பாங்க? வாடி, ராட்டினத்துக்குப் போவம்.”

அவர்கள் கையைக் கோத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். நாற்காலியில் ஒரு கொழும்புப் பெண் தன் குழந்தையைத் தூக்கி வைத்து, எந்தப் பொத்தான் என்று இங்கிலீஷில் கேட்டாள். மார்கிரட் கையால் காட்டினாள். காட்டிவிட்டு நிமிர்ந்தபோது, மைதானத்தின் அந்தக் கோடியில் ராட்டினம் நடுங்கிக்கொண்டு கிளம்பியது. அந்தத் தோட்டத்துப் பெண் மேலே ஏறிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். கறுத்த வெறுங்காலை முன்னால் நீட்டி, சேலைத் தலைப்பு பின்னால் பறக்க, வாய்விட்டுக் கத்தினாள். ஏரிப் பக்கமிருந்து வந்த பனி ராட்டினத்தின் உச்சியை மூடியிருந்தது. அவள் அதற்குள் போனாள். கத்தல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.